சிதம்பரத்திலிருந்து ஆக்லாந்து: 11,300 கிலோமீட்டரும் ஒரு மஞ்சள் பையும்

"ஆக்லாந்துக்கு எத்தனை மணி நேரம்?" போய்விட்டு வந்த நாளிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கிலோமீட்டர் கேட்டவர்கள் யாருமில்லை. நம் ஊர்ப்பக்கம் தூரத்தை மணிக்கணக்கில்தான் கேட்போம். பண்ருட்டி முக்கால் மணி நேரம், வடலூர் ஒரு மணி நேரம், அப்படித்தான்.

கேட்பவர்களுக்காக இரண்டையும் எழுதிவிடுகிறேன். சென்னைக்கும் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கும் வான்வழித் தூரம் ஏறக்குறைய 11,300 கிலோமீட்டர். நான் தேடியபோது நேரடி விமானம் இல்லை. சிங்கப்பூரில் மாறிப் போவதுதான் சுற்று குறைவு: சென்னை–சிங்கப்பூர் சுமார் 2,900, சிங்கப்பூர்–ஆக்லாந்து சுமார் 8,400. ஆகாயத்தில் இருக்கும் நேரம் இரண்டு விமானமும் சேர்த்து 13 மணி 55 நிமிடம். இணையத்தில் தேடினால் "பதினான்கு மணி நேரம்" என்றுதான் வரும். நம்பிக் கிளம்பாதீர்கள். சிதம்பரத்தில் வீட்டைப் பூட்டியதிலிருந்து ஆக்லாந்தில் ஒரு வீட்டுக்குள் நுழையும்வரை எங்களுக்கு ஆனது 41 மணி 30 நிமிடம். அதில் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான பகுதி முழுக்க முழுக்க என் தவறு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கடந்த ஜனவரியில் பொங்கல் முடிந்து கிளம்பினோம். "கிளம்பினோம்" என்றால் நானும் என் மாமியாரும். எனக்குக் கடலூரில் பம்ப்செட் உதிரிபாகக் கடை. மனைவி மங்கை பள்ளி ஆசிரியை. அவளுடைய தங்கை தீபா, கணவன் பிரபுவோடு ஆக்லாந்தில் இருக்கிறாள். தீபாவுக்குப் பிரசவம். குழந்தை திரும்பாமல் இருந்ததால் அறுவைதான் என்று சொல்லி நாளும் குறித்திருந்தார்கள்: திங்கட்கிழமை காலை எட்டு மணி. மங்கையால் வர முடியாது. எங்கள் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு. விமானத்தையே பார்த்திராத அத்தையைத் தனியாக அனுப்பவும் மனமில்லை. ஆகவே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டுப் பன்னிரண்டு நாளில் திரும்பும் வேலை என் தலையில் விழுந்தது.

இது தீபாவுக்கு முதல் பிரசவம் இல்லை. இரண்டு வருடம் முன்பு ஆறாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போய்விட்டது. அப்போது அத்தையிடம் பாஸ்போர்ட் இல்லை. மகள் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அத்தை சிதம்பரத்தில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதமே யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். இந்தத் தடவை மகள் அறுவைக்குப் போகும் முன் தான் பக்கத்தில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டும்.

அத்தையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமா காலமான பிறகு சிதம்பரத்தில் தனியாக இருப்பவர். சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நூற்றைம்பது பிள்ளைகளை அதட்டி வரிசையில் உட்கார வைத்தவர். ஆனால் மாப்பிள்ளையான என்னிடம் பத்தொன்பது வருடமாக நேருக்கு நேர் பேசியதில்லை. கோபமெல்லாம் கிடையாது, மரியாதை. நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே, "மாப்ளைக்கு இன்னும் ரெண்டு இட்லி வைடி" என்று மங்கையிடம் சொல்வார். நானும் "போதும்னு சொல்லு" என்று மங்கையிடமே சொல்வேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

டிக்கெட் போக வர ஒருவருக்கு 94,600 ரூபாய். சனிக்கிழமை காலை 10.30க்கு சென்னையில் விமானம். ஞாயிறு பகல் 11.30க்கு ஆக்லாந்து. திங்கள் அறுவை. கணக்கு சரியாக இருந்தது, பஞ்சாங்கம்தான் ஒத்துக்கொள்ளவில்லை. விமானத்துக்கு முந்தின நாளே சென்னை போய்த் தங்க வேண்டும், அது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண் ஊரை விட்டுக் கிளம்பக் கூடாதாம். சனிக்கிழமை கிழக்கே சூலம். சிங்கப்பூரும் ஆக்லாந்தும் கிழக்கே இருந்து தொலைத்தன. "ஓடுபாதை மேற்க பாத்து இருந்தா பரவால்லையா?" என்று கேட்டு மங்கையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இதற்கெல்லாம் நம் பக்கத்தில் ஒரு வழி உண்டு. பரஸ்தானம் வைப்பது. பயண நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், கூடக் கொண்டுபோகும் பொருள் ஒன்றை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அன்றைக்கே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு கிளம்பும்போது போகிற வழியில் அதை எடுத்துக்கொள்ளலாம். மறுபடி நம் வீட்டுக்குள் மட்டும் கொண்டுவரக் கூடாது. அத்தை வியாழக்கிழமை காலை ஒரு மஞ்சள் துணிப்பையை இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஸ்டெல்லா டீச்சர் வீட்டில் வைத்துவிட்டு வந்தார். டீச்சர் அத்தையின் சத்துணவு மையம் இருந்த பள்ளியில் வேலை பார்த்தவர், முப்பது வருட சிநேகிதி. கிறிஸ்தவர், பரஸ்தானத்தில் நம்பிக்கை இருக்க வாய்ப்பில்லை. ஆனால் சிநேகிதி சொன்னால் வைத்துக்கொள்ள மாட்டாரா என்ன.

வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். பன்னிரண்டு அடித்ததும் கிளம்புவது என்று திட்டம். நான் பெட்டிகளைக் கொக்கித் தராசில் தூக்கித் தூக்கி நிறுத்துக்கொண்டிருந்ததில் 12.40 ஆகிவிட்டது. சென்னைக்குக் கார் வாடகை 6,500 ரூபாய். ஓட்டுநர் ரஃபி பாய் கடலூர்க்காரர், எனக்குப் பழக்கமானவர்.

டீச்சர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னார் அத்தை. கதவில் பூட்டு. அத்தை இறங்கிப் பூட்டைப் பிடித்துப் பார்த்தார், பக்கவாட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார். அவரிடம் டீச்சருடைய எண் இல்லை. இரண்டு தெருவுக்கு எதற்கு எண்? எனக்கோ நாற்பது நிமிடத் தாமதம் உறுத்திக்கொண்டிருந்தது. "தம்பி, கொஞ்சம் இருங்க" என்று அத்தை ரஃபி பாயிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது.

"ஒரு பொடவைதான அத்தை, திரும்பி வந்து எடுத்துக்கலாம்" என்றேன், முன்பக்கம் பார்த்தபடியே. "நீங்க எடுங்க பாய்."

வண்டி நகர்ந்தது.

சிதம்பரத்திலிருந்து கடலூர் 45 கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். மங்கை பள்ளியில் இருந்ததால் வீட்டில் நிற்கவில்லை. புதுச்சேரிக்குள் புகுந்தது இரண்டாவது தவறு. வெள்ளிக்கிழமை மதியமே வார இறுதிக் கூட்டம் வந்துவிடுகிறது, வெளியே வர ஐம்பது நிமிடம் பிடித்தது. பின்னால் அத்தை கைபேசியைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். திண்டிவனம் நெருங்கும்போது ரஃபி பாய் மெல்லச் சொன்னார்: "சார், அம்மா ரொம்ப நேரமா யாருக்கோ போன் போட்டுக்கினே இருக்காங்க. இன்னான்னு கேளுங்களேன்." மூத்த மகளை ஐந்து மாதம் பிரிகிறார், அதுதான் என்றேன் நான். எவ்வளவு அறிவு பாருங்கள்.

திண்டிவனத்தில் தேநீருக்கு நிறுத்தியபோது மணி 4.20. மங்கை அழைத்தாள். பள்ளி விட்டதும் கைபேசியை எடுத்துப் பார்த்தாளாம், அம்மாவிடமிருந்து பதினோரு தவறிய அழைப்பு. திருப்பிக் கூப்பிட்டுப் பேசிவிட்டு, அடுத்ததாக எனக்குப் போட்டிருக்கிறாள்.

"அம்மா பாஸ்போர்ட் டீச்சர் வீட்ல வெச்ச பையில இருக்குதாம்" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். இரண்டடி தள்ளி, தேநீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல், அத்தை தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்னிடம் சொல்ல வேண்டிய செய்தியை மூன்றரை மணி நேரமாகக் கடலூருக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் விமானத்துக்கு மாற்றினால் திங்கள் பகல் பதினொன்றரைக்குத்தான் இறங்குவோம். அறுவை எட்டு மணிக்கு. இரண்டாவது தடவையும் இந்த அம்மாள் போய்ச் சேராமல் இருந்தால் அதற்குக் காரணம் நான்.

மங்கை பத்து நிமிடத்தில் யார் யாரையோ பிடித்து விஷயம் கண்டுபிடித்தாள். டீச்சர் தன் அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு மேல்பட்டாம்பாக்கம் போயிருக்கிறார். கைபேசியை எடுக்கவில்லை. பை பூட்டிய வீட்டுக்குள் இருக்கிறதா, அவரிடம் இருக்கிறதா, தெரியாது. எப்படியானாலும் சாவி அவரிடம்தான். விழுப்புரம், பண்ருட்டி வழியாக 76 கிலோமீட்டர். ரஃபி பாய் டம்ளரை வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

இந்தத் தடவை நான் பின்சீட்டில், அத்தை பக்கத்தில் உட்கார்ந்தேன். விழுப்புரம் தாண்டியது. அப்புறம் நானே கேட்டேன், புடவை துணிமணியை விட்டுவிட்டுப் பாஸ்போர்ட்டைப் போய் ஏன் வைத்தீர்கள் என்று.

ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். ஆனால் என்னிடம்தான் சொன்னார். "அன்னைக்கு இது இல்லாமதான நான் போவல, மாப்ள. துணி இருந்துது, கையில பணம் இருந்துது, இது இல்ல. அதான், மொதல்ல இது கெளம்பட்டும்னு வெச்சேன்."

நிறுத்தச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னனே. நீங்க எடுங்கன்னீங்க."

அதில் குற்றம் சொல்லும் தொனி இல்லை, நடந்ததைச் சொன்னார். அதனால்தான் அதிகம் வலித்தது. பண்ருட்டி தாண்டி திருவதிகைப் பக்கம் வரும்போது கோயில் இருக்கும் திசையைப் பார்த்து அவர் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். எனக்கு அப்போது எந்தத் திசையானாலும் சரி.

மேல்பட்டாம்பாக்கத்தில் தேவாலயத்துக்குப் பக்கத்துத் தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். மணி 6.05. ஸ்டெல்லா டீச்சர் ஊதாப் பட்டுப்புடவையில் பெண் வீட்டாரோடு புகைப்படத்துக்கு நின்றுகொண்டிருந்தார். பட்டுப்புடவைத் தோளில் மஞ்சள் பை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"பன்னெண்டுக்கு வரேன்னு சொன்ன. பன்னெண்டே கால் வரைக்கும் பாத்தேன், வேன்காரன் ஆரன் அடிச்சிக்கினே இருந்தான்" என்றார் டீச்சர், அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு. "வெறும் வீட்ல வெக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன. அதான் எறக்காம தோள்லயே போட்டுக்கினு வந்துட்டேன். நைட்டு நான் திரும்பி வந்ததும் எடுத்துக்குவியோன்னு நெனச்சேன்."

பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லையாம். கைபேசி, ஜெபத்துக்காக ஒலியை அணைத்தது, அப்படியே கைப்பையில் கிடந்திருக்கிறது. நம்பிக்கை இல்லாதவர் அந்த வழக்கத்தை இவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றியிருக்கிறார். நம்பும் வீட்டைச் சேர்ந்த நான் ஒரு புடவைதானே என்று தாண்டிப் போனேன். கேசரி சாப்பிடாமல் விடவில்லை. 6.30க்குக் கிளம்பி, இரவு 10.20க்குப் பல்லாவரத்தில் லாட்ஜ். அறை 2,400 ரூபாய். ரஃபி பாய்க்குக் கூடுதல் ஓட்டத்துக்கு 2,000 கொடுத்தேன். ஐநூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. 7.15க்கு விமான நிலையம், 10.30க்கு விமானம், சிங்கப்பூரில் அந்த ஊர் நேரப்படி 5.15. அங்கே மூன்று மணி 35 நிமிடம் இடைவெளி. முனையம் மாறக் குட்டி ரயில் இருக்கிறது, கட்டணம் இல்லை, பெரியவர்களோடு போனால் அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சைவச் சாப்பாட்டை முன்கூட்டியே பதிந்திருந்தோம், தயிர்சாதம் மாதிரி ஒன்று வந்தது.

இரவு 8.50க்கு இரண்டாவது விமானம். 9 மணி 40 நிமிடம். எதிரில் உள்ள திரையில் இவ்வளவு படங்கள் இருக்கின்றன என்று காட்டினேன். அத்தைக்குப் பிடித்தது ஒரே பக்கம்தான்: விமானம் எங்கே போகிறது, போக வேண்டிய தூரம் எத்தனை என்று காட்டும் வரைபடம். நான் தூங்கி விழிக்கும்போதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை 6,300 என்று காட்டியது. "இது நம்ம சிதம்பரம் கடலூரு எத்தினி தடவ மாப்ள?" என்று கேட்டார். வகுத்துப் பார்த்து நூற்று நாற்பது என்றேன். "அவ்ளோதானா" என்றார். முப்பது வருடம் பேருந்தில் அலைந்தவருக்கு அது பெரிய எண்ணாகத் தெரியவில்லை போலும்.

ஆக்லாந்தில் இறங்கியதும் உணவுப் பொருள் சோதனை. படிவத்தில் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள்; எழுதாமல் மாட்டினால்தான் அபராதம். நாங்கள் எழுதியிருந்தோம். சுக்கு, ஓமம், மஞ்சள் எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். லேகியத்துக்காக வைத்திருந்த தேன் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது.

வராதே என்று சொல்லியும் தீபா வந்திருந்தாள். தள்ளுவண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு நாற்காலியில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அத்தை தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போனார். முப்பத்தெட்டு வாரக் கர்ப்பிணியை மேலும் கீழும் பார்த்து, "இன்னாடி இப்படி எளச்சிட்ட" என்றார். பிரபு சிரித்துவிட்டான். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் எல்லாம் நல்லபடி முடிந்தது. காலை 8.50க்குப் பெண் குழந்தை, இரண்டு கிலோ தொள்ளாயிரம். அறுவை அறைக்குள் பிரபு போனான். அத்தையும் நானும் வெளியே இருந்தோம்.

இப்போது போகப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இரண்டு விமானங்களையும் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். சென்னைக்கு முந்தின நாளே போய்விடுங்கள். எங்களைக் காப்பாற்றியது அதுதான். பாஸ்போர்ட்டைக் கண்ணால் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள். நாள், நட்சத்திரம் பார்ப்பவர்கள் உடன் வந்தால் கிண்டல் செய்வதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். என்ன வைத்தீர்கள், ஏன் வைத்தீர்கள் என்று. நான் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஜனவரியில் அங்கே கோடை. நம்மைவிட ஏழரை மணி நேரம் முன்னால் இருப்பார்கள், முதல் இரண்டு நாள் பகலில் தூக்கம் தள்ளும். எல்லாவற்றையும்விட முக்கியம், குறித்த நாளுக்கு முன்னால் குறைந்தது ஒரு நாளாவது கையில் இருக்கும்படி போய்ச் சேருங்கள். குழந்தையை மறுநாள் போயும் பார்க்கலாம், அது எங்கும் போய்விடாது என்று உங்களுக்கும் தோன்றலாம். எனக்கும் திண்டிவனத்தில் ஒரு கணம் தோன்றியது. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

மணி எட்டு ஆகியும் அங்கே வெயில் இருந்தது. பின்கட்டுப் படியில் தீபா கீழ்ப்படியிலும் அத்தை மேல்படியிலும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை அவளுக்கு எண்ணெய் தடவித் தலை வாரிக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன், கதவு திறந்திருந்தது. தீபா ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள், பயமாக இருக்கிறது என்பது போல. பிறகு அன்றைக்கு ஆஸ்பத்திரியில் குழந்தையை ஒரு துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் தன் கையில் கொடுத்தார்கள் என்று சொன்னாள். ஆண் குழந்தை என்றாள். எங்கள் யாருக்கும் அது தெரியாது. மங்கைக்கும் தெரியாது.

அத்தையின் கையில் சீப்பு நின்றுவிட்டது. அழுவார் என்று நினைத்தேன். மறந்துவிடு, இதுதான் நல்லபடி பிறக்கப்போகிறதே என்று நாங்கள் எல்லோரும் இரண்டு வருடமாகச் சொன்னதையே சொல்வார் என்று நினைத்தேன்.

"யாரு சாடைம்மா இருந்தான்?" என்று கேட்டார்.

தீபா தலையைப் பின்னால் சாய்த்து அம்மாவின் முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா சாடை. மூக்கு அப்படியே நம்ம அப்பா," என்றாள். பிறகு அழ ஆரம்பித்துவிட்டாள். "இத்தன நாளா இத யாருமே கேக்கலம்மா."